காற்றும் கணக்கும்

மத்தியதரைக் கடலில் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பலில், முந்நூறு பேர் கையெழுத்திட்ட மகஜர் ஒன்றில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்காகக் கோழை என்று பெயர் வாங்கினேன். "நீங்களெல்லாம் கதையில்தான் நியாயம் பேசுவீர்கள் போலிருக்கிறது" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். இரண்டு நாள் கழித்து, அதே கப்பலில், நானே ஒரு மகஜரை எழுதி எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போய்க் கையெழுத்துக் கேட்டேன். பதினொரு பேர் போட்டார்கள். என்னைக் கோழை என்றவர் போடவில்லை.

ஊருக்குத் திரும்பி இதைச் சொன்னால், கேட்கிறவர்கள் எல்லாரும் அந்த முந்நூறு பேரின் கட்சியாகவே இருக்கிறார்கள். முதல் மகஜரில் நியாயம் இருந்ததாம். என்னுடையதில் வெறும் பிடிவாதம்தான் இருந்ததாம். விஷயம் நேர்மாறானது என்பது என் அபிப்பிராயம். அதை வாய்ச் சண்டையாகப் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. எழுதிவிடுகிறேன்.

என் அக்கா கும்பகோணத்துப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் சரித்திரம் நடத்தியவள். அத்தான் காலமாகி ஏழு வருஷம் ஆகிறது. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் வீட்டுக்கு ஒரு மாடி எடுக்கலாம் என்று பிள்ளை சொன்னான். "ஏதென்ஸைப் பார்த்துவிட்டு வருகிறேன். அப்புறம் மாடி கட்டலாம்" என்று இவள் சொல்லிவிட்டாள். பார்த்தினன் கோயிலின் தூண்களை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்தவள் அவள். முன்பக்கம் எட்டு, பக்கவாட்டில் பதினேழு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். முழங்கால் வலிக்காரி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்க முடியாது. கப்பலென்றால் படுக்கிற அறையே ஊர் ஊராகக் கூட வருகிறது. துணைக்கு ஆள் வேண்டும் என்று எனக்கும் அவளே சீட்டு எடுத்தாள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தமிழில் நாவல் எழுதுகிறவன் வேறு எந்த வழியில் மத்தியதரைக் கடலைப் பார்ப்பான்?

2025 ஆகஸ்டு மாதம். எட்டு இரவுப் பிரயாணம். ரோம், நேப்பிள்ஸ், சான்டோரினி, ஏதென்ஸ், வாலெட்டா, மறுபடி ரோம் என்று வழவழப்பான காகிதத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

அச்சிட்ட முதல் சொல்லே உண்மையில்லை. ரோம் என்று சொல்லி எங்களை ஏறச் சொன்ன இடம், ரோமிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகம். அந்த ஊரைக் குறைத்துப் பேசவில்லை. டிராஜன் சக்கரவர்த்தி கட்டிய துறை அது. பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்டெந்தால் 1831 முதல் அங்கே தம் நாட்டுத் தூதராக உத்தியோகம் பார்த்திருக்கிறார். தனக்கென்று ஒரு பெயரும் சரித்திரமும் உள்ள ஊருக்கு இன்னோர் ஊரின் பெயரை ஏன் போர்த்த வேண்டும்? ரோம் விற்கும், சிவிட்டாவெக்கியா விற்காது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அடுத்தது கடிதம். புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு கம்பெனியிடமிருந்து வந்தது. ஏதென்ஸில் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை நிற்பதாக இருந்த கப்பல், பிற்பகல் 1 மணி முதல் மாலை 6 மணி வரை நிற்கும். காரணம், 'இயக்கம் சார்ந்த தேவைகள்'. அவ்வளவுதான் கடிதம். பன்னிரண்டு மணி நேரம் ஐந்து மணி நேரமாயிற்று. ஊர் எதையும் எடுத்துவிடவில்லை ஆகையால் இது மாறுதலே அல்ல என்பது போல, "உங்கள் பிரயாணம் இனிதாக அமைக" என்று முடித்திருந்தார்கள். அக்கா அதற்குள் அக்ரோபோலிஸ் குன்றுக்குக் காலை 9 மணி நுழைவுச் சீட்டு வாங்கிவிட்டாள். கூட்டம் தாங்காமல் 2023-லிருந்து அங்கே நாளைக்கு 20,000 பேர்தான் என்று வரம்பு கட்டி, மணிவாரியாகச் சீட்டுக் கொடுக்கிறார்கள். ஆளுக்கு 30 யூரோ. அந்தச் சீட்டுகள் வீண். பிற்பகல் 3 மணிக்கு வேறு இரண்டு சீட்டு வாங்கினாள். அந்தச் சமயம் எனக்கும் கோபம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏதோ காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நேப்பிள்ஸ் நன்றாகவே கழிந்தது. நான்காம் நாள் விடியற்காலையில் சான்டோரினி கண்ணுக்குத் தெரிந்தது. செங்குத்தான கரும்பாறை, அதன் உச்சி விளிம்பில் தேங்காய்த் துருவலைத் தூவினாற்போல வெள்ளை வீடுகள். எல்லாரும் தொப்பியும் கண்ணாடியுமாகத் தளத்தில் நின்றுகொண்டிருந்தோம். ஒலிபெருக்கியில் காப்டனே பேசினார். காற்று 40 கடல் மைல் வேகத்தைத் தாண்டிவிட்டது, படகுகளை இறக்க முடியாது, கிரீட் தீவுக்குப் போகிறோம், வருந்துகிறேன் என்றார். மூன்று வாக்கியத்துக்கு மேல் இல்லை.

வானத்தில் ஒரு துளி மேகம் கிடையாது. வெயில் பளீரென்று அடித்தது. கோபத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். மழை கொட்டி இடி இடித்திருந்தால் ஜனங்கள் அடங்கியிருப்பார்கள். ஈஜியன் கடலில் கோடை முழுவதும் வடக்கிலிருந்து அடிக்கும் இந்தக் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். நம் பாஷையில் வாடை என்று சொல்லலாம். ஆனால் நம் வாடை மழையையும் குளிரையும் கொண்டுவரும். இது வெயிலோடு கைகோத்துக்கொண்டு வரும். பார்ப்பதற்குச் சாது, கடலில் இறங்கினால் தெரியும்.

காலைச் சாப்பாடு முடிவதற்குள் மகஜர் தயாராகிவிட்டது. தயாரித்தவர் ஒரு பெரிய வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், நம்மவர்தான், நல்ல மனிதர், அக்காவுக்கு முழங்கால் தைலம்கூடக் கொடுத்தார். காப்டன் தேவையில்லாமல் பயந்துவிட்டார், வேறு கப்பல் ஒன்று அங்கே நிற்பதைக் கண்ணால் பார்த்தோம், விளம்பரத்தின் அட்டையிலேயே போட்ட ஊரைக் காட்டாமல் விட்டதற்கு நஷ்ட ஈடு தர வேண்டும் என்று சாரம்.

"போடுங்கள், எழுத்தாளர் சார்" என்று பேனாவை நீட்டினார்.

"இது காற்று, சார். காற்றின் மேல் எப்படிப் பிராது கொடுப்பது?" என்றேன்.

அப்போதுதான் கோழைப் பட்டம் கிடைத்தது.

சான்டோரினியில் கப்பல் கரையைத் தொடுவதே இல்லை. பழைய எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளம் அது. ஏறத்தாழ 400 மீட்டர் வரை ஆழம் உண்டு. பெரிய கப்பல்களுக்குப் பெரும்பாலும் நங்கூரம் பிடிக்காது. எஞ்சினை ஓட்டிக்கொண்டே நிற்க வேண்டும். ஆட்களைப் படகில் இறக்கிப் பாறையின் அடிவாரத்தில் விடுவார்கள். ஆடுகிற கப்பலிலிருந்து ஆடுகிற படகுக்கு, என் அக்காவைப் போன்றவர்களும் அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் கால் வைக்க வேண்டும். அதே பள்ளத்தில் 2007 ஏப்ரலில் சீ டயமண்ட் என்ற உல்லாசக் கப்பல் பாறையில் இடித்து மூழ்கியது. இரண்டு பேர் திரும்பவில்லை. அது இன்னும் அந்த நீலத் தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கிறது.

ஜனங்களுக்கு வேடிக்கை காட்ட வேண்டும் என்று நினைக்கிற காப்டன் எப்படிப்பட்டவர் என்பதற்கும் உதாரணம் தூரத்தில் இல்லை. நாங்கள் ஏறிய அதே சிவிட்டாவெக்கியாவிலிருந்துதான் 2012 ஜனவரி 13 மாலை கோஸ்டா கான்கார்டியா புறப்பட்டது. ஜிக்லியோ தீவுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போகலாம் என்று காப்டன் வழக்கமான வழியை விட்டுக் கரையை ஒட்டிப் போனார். பாறை கிழித்தது. 32 பேர் இறந்தார்கள். காப்டனுக்கு 16 வருஷம் சிறை. அவர் 'பயந்தாங்கொள்ளி'யாக இருந்திருந்தால் 32 குடும்பங்கள் வாழ்த்தியிருக்கும். கப்பலின் பத்திரத்தைப் பற்றிய காப்டனின் முடிவில் முதலாளிகூடத் தலையிடக் கூடாது என்று கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையில் எழுதி வைத்திருக்கிறார்கள். முதலாளிக்கே இல்லாத உரிமையை, சீட்டு வாங்கிய நாம் மகஜர் போட்டு எடுத்துக்கொள்ளப் பார்ப்பது என்ன நியாயம்?

நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ புயல் கூண்டு ஏற்றினால் யாராவது மகஜர் எழுதுகிறோமா? படகு கரையில் கிடக்கும். வீட்டில் அடுப்பு எரியாது. அப்போதும் மீனவர் கூண்டைத் திட்டுவதில்லை. அவர்களுக்கு அது பிழைப்பு. நமக்குப் பொழுதுபோக்கு. பிழைப்புக்காரன் காட்டும் பொறுமையைப் பொழுதுபோக்குக்காரன் காட்டக் கூடாதா? இந்தக் கடலின் மிகப் பழைய பெருங்கதையான ஒடிசியே, காற்று வழி மாற்றிவிட்ட ஒருவனின் கதைதான். பத்து வருஷம் தள்ளிப்போனவன் அவன். நாம் ஒரு பகலுக்குக் கணக்குக் கேட்கிறோம்.

கிரீட்டில் சூடா என்ற ஆழமான விரிகுடாவில் கப்பல் கரையோடு சேர்ந்தாற்போல நின்றது. ஏழு கிலோமீட்டரில் ஹானியா நகரம். யாரும் கேட்காத ஊர், ஆகவே யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் கோபத்தில் கப்பலைவிட்டு இறங்கவேயில்லை. நானும் அக்காவும் பஸ் பிடித்துப் போனோம். வெனிஸ்காரர்கள் கட்டிய வட்டமான சிறு துறை. நாவாய்களைப் பழுது பார்த்த நீண்ட கல் கொட்டகைகள் வரிசையாக நிற்கின்றன. 1645-ல் துருக்கியர் பிடித்த பிறகு கட்டிய மசூதி தண்ணீரின் ஓரத்தில். எகிப்தியர் காலத்தில் திருத்திக் கட்டிய கலங்கரை விளக்கம் எதிரில். மூன்று ஆட்சிகளும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிட்டன. அக்கா ஒரு கொட்டகை நிழலில் உட்கார்ந்து எனக்குப் பாடமே நடத்தினாள். வாற்கோதுமை ரொட்டியின் மேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்துக் கொடுத்ததைச் சாப்பிட்டோம். "சான்டோரினி போகாததே நல்லதாய்ப் போயிற்று, தம்பி. அங்கே போயிருந்தால் போட்டோதான் எடுத்திருப்போம்" என்றாள். காற்று எங்களிடமிருந்து ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, கேளாமல் ஓர் ஊரைக் கொடுத்தது. அதோடு, சான்டோரினித் துறைவரி என்று ஒரு சிறு தொகையும் கணக்கில் திரும்பி வந்தது.

அன்று இரவு 8 மணிக்கு சூடாவை விட்டுப் புறப்பட்டோம். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ் அங்கிருந்து ஏறத்தாழ 150 கடல் மைல். காலையில் விழித்தபோது கப்பல் நகர்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. காற்று விழுந்துவிட்டது, கடல் தாம்பாளத் தண்ணீர். எஞ்சின் பகுதியில் வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பையன் ஒருவன் முதல் நாளே பழக்கமாகியிருந்தான். "ஏனப்பா, எஞ்சினில் ஏதாவது கோளாறா?" என்று கேட்டேன்.

"கோளாறெல்லாம் இல்லை, சார். ஒன்பது நாட்டில் போகிறோம். மெதுவாகப் போனால் எண்ணெய் மிச்சம்" என்றான்.

ஒன்பது கடல் மைல் என்றால் நன்றாக மிதிக்கிற சைக்கிள்காரனின் வேகம். பையன் கணக்கையும் சொல்லிக் கொடுத்தான். கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் ஏறத்தாழ எட்டு மடங்கு சக்தி வேண்டும்; ஆகவே வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே எண்ணெய் நிறைய மிஞ்சும். நான் நன்றி சொல்லிவிட்டு மேலே வந்தேன். காலை 9 மணிக்குக் கடைத்தெருத் தளம் தேர்த் திருவிழா மாதிரி இருந்தது. கடிகாரம் தள்ளுபடி, வாசனைத் தைலம் தள்ளுபடி. சூதாட்டக் கூடத்தில் மணிகள் கிணுகிணுத்தன. துறையில் கப்பல் நிற்கும்போது இந்தக் கடைகளும் கூடமும் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். கடலில் இருக்கும்வரைதான் வியாபாரம். ஆக, கரையில் ஏழு மணி நேரத்தை வெட்டினால் எண்ணெயும் மிஞ்சும், கல்லாவும் நிறையும். 'இயக்கம் சார்ந்த தேவைகள்' என்றால் இதுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கம்பெனியின் பேரேட்டை நான் பார்த்ததில்லை. காரணத்தை அவர்கள் எழுதவில்லை; நான் கண்டதை எழுதுகிறேன்.

பிற்பகல் 1 மணிக்குப் பிரேயஸ். வரிசையில் நின்று இறங்க முக்கால் மணி. ஏதென்ஸ் பத்துக் கிலோமீட்டர். பழைய ஏதென்ஸ்காரர்கள் நகரத்தையும் துறையையும் இரண்டு நெடுஞ்சுவர்களால் இணைத்து ஒன்றாக்கி வைத்திருந்தார்கள் என்று அக்கா காரில் சொல்லிக்கொண்டு வந்தாள். கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. குன்றின் அடிவாரத்தில் சோதனை வரிசை. ஆகஸ்டு மாதத்து மூன்று மணி வெயில். முந்தின மாதம் வெப்பம் தாங்காமல் இதே பிற்பகல் வேளைகளில் குன்றையே மூடி வைத்திருக்கிறார்கள். சலவைக்கல் வழுக்கியது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினாள். மேலே வந்தபோது 3.40. கப்பலுக்கு 5.30-க்குள் திரும்ப வேண்டும். ஆகவே 4 மணிக்கு இறங்கத் தொடங்க வேண்டும்.

இருபது நிமிஷம். தூண்களை எண்ணினாள். 1687-ல் வெனிஸ்காரர்களின் குண்டு விழுந்து வெடிமருந்து வெடித்த பக்கத்தைத் தேடிப் போய்ப் பார்த்தாள். சுற்றி வர முடியவில்லை. திரும்பி இறங்கும்போது பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"முப்பது வருஷம் இதை நாற்பத்தைந்து நிமிஷப் பீரியடில் நடத்தினேன், தம்பி. நேரில் பார்க்க அதில் பாதிகூடக் கொடுக்கவில்லையே."

அதற்குமேல் அவள் குறை சொல்லவில்லை. அன்று இரவு மகஜரை நான் எழுதினேன்.

வங்கிக்காரர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "இது எடுபடாது, சார். மூன்று வாரம் முன்பே தெரிவித்துவிட்டார்களே" என்று திருப்பிக் கொடுத்தார்.

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் என் சண்டை. முன்கூட்டித் தெரிவித்ததனால் அது நியாயமாகிவிட்டதாம்! முன்கூட்டித் தெரிவிக்க முடிந்ததே, அது காற்று அல்ல என்பதற்குச் சாட்சி. எந்தக் காற்றும் மூன்று வாரத்துக்கு முன் கடிதம் போடாது. நாற்காலியில் உட்கார்ந்து, கூட்டிக் கழித்து, கையெழுத்திட்டு அனுப்பிய மாறுதல் அது. உயிரைக் காப்பதற்காக விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு மனிதர் தனியாக எடுத்த முடிவை முந்நூறு பேர் எதிர்த்தார்கள். லாபத்துக்காகவோ வேறு எதற்காகவோ சாவகாசமாக எடுத்து, காரணமும் சொல்லாத முடிவை அதே முந்நூறு பேர் விதி என்று ஏற்றுக்கொண்டார்கள். முகம் தெரிந்த காப்டனைத் திட்ட வாய் இருக்கிறது. முகம் தெரியாத கம்பெனியைக் கேட்க வாய் இல்லை.

ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்றார் இன்னொருவர். இருக்கிறது. எந்த நேரமும், எந்தக் காரணத்துக்காகவும், எந்தத் துறையையும் மாற்றலாம், விடலாம், நேரத்தைக் குறைக்கலாம் என்று எறும்பெழுத்தில் இருக்கிறது. ஆனால் அந்த வாசகம் எதற்காகப் பிறந்தது? காற்றுக்கும் நெருப்புக்கும் யுத்தத்துக்கும் பிறந்தது. 2023 அக்டோபரில் காஸா யுத்தம் மூண்டதும் உல்லாசக் கப்பல்கள் இஸ்ரேல் துறைகளை விட்டுவிட்டன. செங்கடலில் தாக்குதல் தொடங்கியதும் பல கப்பல்கள் சூயஸ் வழியையே விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றின. அதற்கு யார் என்ன சொல்ல முடியும்? ஆபத்துக்காகக் கொடுத்த அதிகாரத்தை ஆதாயத்துக்காக எடுத்துக்கொள்வதுதான் மோசடி. காப்டனின் தொப்பியைக் கணக்குப்பிள்ளை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். நாம் சலாம் வைக்கிறோம். ஐரோப்பாவில் 2015-லேயே சட்டம் செய்திருக்கிறார்கள்: பிரயாணத்தின் முக்கிய அம்சத்தைப் புறப்படுமுன் கணிசமாக மாற்றினால் அபராதமின்றி விலகிக்கொள்ளலாம் என்று. ஆனால் ஊரின் பெயர் அட்டவணையில் இருக்கும்வரை, மணி நேரம் குறைந்ததை முக்கிய அம்சம் என்று எந்தக் கம்பெனி தானாக ஒப்புக்கொள்ளும்? ஏதென்ஸுக்காகவே சீட்டு வாங்கியவளுக்கு அந்த ஏழு மணி நேரத்தைவிட முக்கியமான அம்சம் என்ன இருக்கிறது?

மூன்றாவது ஒரு மாறுதலும் உண்டு. அது ஊர் செய்யும் மாறுதல். வெனிஸில் 2021 ஆகஸ்டு முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் நகரத்தின் நடுவே நுழையக் கூடாது. டுப்ரோவ்னிக்கில் 2019 முதல் ஒரே சமயத்தில் இரண்டு கப்பல்தான். சான்டோரினியில் கப்பல் பிரயாணிகளுக்கு நாளைக்கு 8,000 பேர் என்று வரம்பு. 2025 கோடையிலிருந்து தலைக்கு 20 யூரோ வரி வேறு. இதற்கும் நம்மவர்கள் முணுமுணுக்கிறார்கள். நான் முணுமுணுக்க மாட்டேன். குடியிருக்கிறவன் தன் தெருவில் நடக்க இடம் வேண்டும் என்கிறான். அது காற்றைப் போலவே மதிக்க வேண்டியது. ஆனால் அங்கேயும் கணக்கு தன் வேலையைக் காட்டுகிறது. வெனிஸுக்குள் போக முடியாத பெரிய கப்பல்கள், 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ராவென்னாவிலும் திரியெஸ்தேயிலும் நின்றுகொண்டு இன்னும் வெனிஸ் என்றே சீட்டு விற்கின்றன.

துறைகளை ஒப்பிட்டுச் சொல்லும்படி பலர் கேட்கிறார்கள். எந்த ஊர் அழகு என்று நான் சொல்லப் போவதில்லை. அழகு அவரவர் கண். கப்பல் ஏணியிலிருந்து ஊருக்கு எத்தனை அடி என்று மட்டும் பாருங்கள். நேப்பிள்ஸில் கப்பலைவிட்டு இறங்கினால் எதிரே பழைய கோட்டை நிற்கிறது. அக்காவே நடந்து போனாள். வாலெட்டா அதைவிட மேல். 1565 முற்றுகைக்குப் பிறகு திட்டம் போட்டுக் கட்டிய சிறிய நகரம்; துறையிலிருந்து மின்தூக்கியில் ஏறினால் நேரே கோட்டைத் தோட்டத்தில் விடுகிறது; காரவாஜியோ 1608-ல் தீட்டிய பெரிய ஓவியத்தின் முன்னால் அக்கா நாற்பது நிமிஷம், ஆம், பார்த்தினனைப்போல் இரண்டு மடங்கு நேரம், உட்கார்ந்திருந்தாள். ரோட்ஸும் கோட்டோரும் இந்த ரகம்தான். மதில் கரையிலேயே இருக்கிறது. இங்கெல்லாம் நேரத்தை வெட்டினாலும் ஊர் கொஞ்சம் மிஞ்சும். சிவிட்டாவெக்கியாவும், புளோரன்ஸ் என்று விற்கப்படும் லிவோர்னோவும், ஒலிம்பியாவுக்கென்று நிற்கும் கட்டகோலோவும் வேறு ரகம். அங்கே மணி நேரம்தான் சரக்கு, அதை வெட்டினால் மிஞ்சுவது பஸ் ஜன்னல். சான்டோரினி மூன்றாம் ரகம். காற்று கொடுத்தால் உண்டு. அதைக் கிடைத்தால் பிரசாதம் என்று வைத்துக்கொள்ள வேண்டும், சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

"குடிதண்ணீருக்கு வரிசையில் நிற்கிற நாட்டில், உல்லாசக் கப்பலில் போனவனின் அழுகையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் தந்திரம் கப்பலோடு நிற்பதில்லை. சென்னை என்று சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுகிறவரை, நகரின் நடுவிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறார்கள். பஸ் நிலையத்தை மாற்றியது தவறென்று சொல்லவில்லை. சீட்டில் கிளாம்பாக்கம் என்று ஏன் எழுதக் கூடாது? பெயரை விற்றுவிட்டு இடத்தைக் கொடுக்காமலிருப்பதும், நேரத்தை விற்றுவிட்டுத் திருப்பி எடுத்துக்கொள்வதும் கப்பலில் செய்தால் பணக்காரர் பாடு, பஸ்ஸில் செய்தால் ஏழை பாடு. தவறு ஒன்றுதான். என் அக்கா பணக்காரியும் அல்ல. கட்டாத ஒரு மாடியை விலையாகக் கொடுத்தவள்.

என் மகஜரில் நஷ்ட ஈடு கேட்கவில்லை. மூன்றே கோரிக்கை. சீட்டில் ஊரின் பெயரோடு, கப்பல் நிற்கும் துறையின் பெயரையும் தூரத்தையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். ஒவ்வொரு துறையிலும் எத்தனை மணி நேரம் என்பதை ஒப்பந்தத்தின் பகுதியாக்க வேண்டும். காற்று, ஆபத்து, ஊரார் விருப்பம் தவிர வேறு எதற்காக மாற்றினாலும் காரணத்தை எழுத வேண்டும். பிரயாணி விரும்பினால் பணத்தைத் திருப்ப வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. எங்கள் மேலான கருத்துக்கு நன்றி தெரிவித்து, ஒப்பந்தத்தின் பிரிவு ஒன்றைச் சுட்டி, அடுத்த பிரயாணத்துக்குச் சிறு தள்ளுபடி தருவதாக எழுதியிருந்தார்கள்.

அக்கா அந்தத் தள்ளுபடியை வாங்கவில்லை. அடுத்த முறை விமானத்தில் போய், குன்றின் அடிவாரத்தில் ஏதாவது ஒரு சிறு விடுதியில் நான்கு நாள் தங்குவதென்று சேர்க்கத் தொடங்கியிருக்கிறாள். மாடி இன்னும் தள்ளிப்போகும்.

வங்கிக்காரர் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு வார்த்தை. சார், அந்தக் காகிதத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. பதினொன்றுக்குக் கீழே நிறைய இடமும் இருக்கிறது. பேனாவை இப்போது நான் நீட்டுகிறேன்.